அண்டா மூடிக்கு லக்கேஜ் டிக்கெட்

முட்டியில இடிக்குதா சார்? கொஞ்சம் பொறுங்க, இப்படி நிமித்தி வச்சுக்கிறேன். இப்ப பரவாயில்லையா? வேற ஒண்ணுமில்ல, அண்டா மூடி. பித்தளை. அண்டா எங்கேன்னு பாக்குறீங்க. அண்டா திருமங்கலத்துல எங்க கடையில இருக்கு. மூடி மட்டும் ரெண்டு வருஷமா ராஜபாளையத்துல இருந்துச்சு. இன்னிக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்.

கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் போட்டே ஆகணும்னு நின்னார், பாத்தீங்கல்ல. நான் சொன்னேன், அண்டாவா இருந்தா சரி, இது வெறும் மூடிதானே, ஆள் உக்கார்ற எடத்தையா அடைக்குதுன்னு. அதுக்குள்ள முன் சீட்டுலேருந்து ஒரு கை வந்து காசை நீட்டிருச்சு. அந்தக் கைதான் எங்க மாப்பிள்ளை. நமக்கு நேர் முன்னாடி, நீலச் சட்டை, காதுல வயர். அவர்தான். மெதுவாப் பேசணும்னு இல்ல சார், கேக்காது. பஸ் ஏறினதுலேருந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே வர்றார்.

ஏன் தனித்தனியா உக்காந்திருக்கோம்னா, மாமனாரும் மருமகனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா என்னத்தைப் பேசுறது, சொல்லுங்க. ஊர் வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கழுத்து வலிச்சிரும். நான்தான் "நீங்க சன்னலோரம் காத்தாட உக்காருங்க மாப்பிள்ளை"ன்னு அவரை அங்க உக்கார வச்சுட்டு இங்க வந்துட்டேன். எனக்கு யார்கிட்டயும் மனஸ்தாபம் கிடையாது. என் சுபாவம் அப்படி.

எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. ராக்காயி அம்மன் பாத்திர நிலையம்னு திருமங்கலத்துல கேட்டா சின்னப் பிள்ளை கூடக் காட்டும். அண்டா, குண்டா, வடைச்சட்டி, சேர், சாமியானா, எல்லாம் உண்டு. கல்யாணம், காதுகுத்து, காரியம், எதுவா இருந்தாலும் நம்ம வண்டிதான் போகும். நான் படிச்சது பத்தாவது. ஆனா எக்ஸல் தெரியும் சார். கம்ப்யூட்டர் சென்டர்ல சேர்ந்து கத்துக்கிட்டேன். பக்கத்து சீட்டுல எல்லாம் பாவாடை சட்டை போட்ட பிள்ளைங்க, நடுவுல மீசையோட நான். அன்னிலேருந்து கடைக்கணக்கு மொத்தமும் ஒரே ஷீட்டுல. கீழே இறங்கிக்கிட்டே போனீங்கன்னா, அப்பக் காதுகுத்துன பிள்ளைக்கு இப்பக் கல்யாணமே முடிஞ்சிருக்கும்.

எழுதுறது எவனும் எழுதிருவான். நம்ம விசேஷம் கலர். வரிக்கு வரி கலர் அடிச்சு வச்சிருந்தேன். கல்யாணம் காதுகுத்துன்னா மஞ்சள். துக்க வீடுன்னா சாம்பல். சொந்தக்காரங்கன்னா நீலம். நீலத்துக்கிட்ட வாடகை கேக்கக் கூடாது, அவங்களா குடுத்தா வாங்கிக்கலாம். குடுக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் சிவப்பு. அதை அப்புறம் சொல்றேன்.

சாம்பல்தான் சார் முக்கியம். சாம்பல் வரிக்கு ஃபோன் பண்ணக் கூடாது. சாமான் எப்ப வரும்னு ஆள் விடக் கூடாது. கொண்டுவந்து எறக்கும்போது "வாங்க"ன்னு கூப்பிடக் கூடாது. கணக்கை முடிச்சுட்டு அவங்க போகும்போது "போயிட்டு வாங்க"ன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிரக் கூடாது. நன்றின்னுகூடச் சொல்ல மாட்டேன். தலையை ஒரு ஆட்டு ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பி ஏதாவது கரண்டியை எண்ணிக்கிட்டு இருப்பேன். தொழில்ல அது ஒரு மரியாதை. எவனும் சொல்லிக் குடுக்கலை, எனக்கா வந்தது.

இப்படிப் போய்க்கிட்டு இருந்தப்பதான் வளைகாப்பு முடிஞ்சு மகளைக் கூட்டிட்டு வந்தோம். வினோதினின்னு பேரு, ஒரே பொண்ணு. தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில உத்தியோகம், வீட்டுலேருந்தே வேலை. அதனால அவரும் வந்து எங்க வீட்டு மாடியில இருந்தார். சந்தோஷம்தான். ஆனா மாப்பிள்ளை வீட்டுல இருந்தா நமக்கு ஏது சார் சுதந்திரம். பனியனோட உக்கார முடியாது. ஏப்பம் விட முடியாது. எங்க வீட்டுக்காரி தனம் என்னை ஒரு பார்வை பாப்பா. நான் அவர்கிட்ட எதையும் நேராக் கேட்டதில்ல. "மாப்பிள்ளை சாப்பிட்டாங்களான்னு கேளு", "மாப்பிள்ளைக்கு மின்விசிறி வேணுமான்னு கேளு". வினோதினி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்லுவா. மரியாதை சார், வேற என்ன.

ஒருநாள் அவர் கடைக்கு வந்து ஷீட்டைப் பாத்தார். பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் ரொம்பப் பதனமா, "மாமா, இதை டேட்டாபேஸா மாத்திரலாமா?"ன்னார். மாப்பிள்ளை கேட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அவர் மோர்க்குழம்புல காரம் கம்மின்னு சொன்னா எங்க வீட்டுல மிளகாய் வாங்குற கடையையே மாத்துவா. தலையை ஆட்டிட்டேன்.

டேட்டாபேஸ்னா என்னன்னு எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன், உங்களுக்குத் தெரியும்னா சிரிக்காதீங்க. என் ஷீட்டுல எல்லாம் ஒரே குவியல். வந்த ஆள் பேரு, ஃபோன், எடுத்த சாமான், தேதி, எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் திரும்பத் திரும்ப எழுதியிருப்பேன். அவர் சொன்னார், ஆளுங்களுக்குத் தனியா ஒரு டேபிள், சாமானுக்குத் தனியா ஒண்ணு, ஆர்டருக்குத் தனியா ஒண்ணு. ஆளுக்கு ஒரு நம்பர், அண்டாவுக்கு ஒரு நம்பர். ஆர்டர்ல அந்த ரெண்டு நம்பரை மட்டும் போட்டாப் போதும், அதுவே கோத்துக் காட்டிரும்னார். சரி, நல்லாத்தான் இருக்குன்னு கேட்டுக்கிட்டேன்.

அதுல பாருங்க, ரைஸ்மில்காரர் மகன் தங்கமாரியை நான் ஒருதடவை தங்கமாரின்னு எழுதியிருக்கேன், ஒருதடவை ரைஸ்மில் தம்பின்னு, ஒருதடவை புல்லட்காரர்னு. "இவங்க எல்லாம் ஒரே ஆள்தானே மாமா, ஒண்ணாச் சேத்துரலாமா?"ன்னு கேட்டார். எனக்கு அது சரியாப் படலை. தங்கச்சி கல்யாணத்துக்கு அண்டா எடுக்க வந்தப்ப பந்தா பண்ணிக்கிட்டு வந்தவரும், தாத்தா காரியத்துக்குச் சட்டையில்லாமத் துண்டைப் போத்திக்கிட்டு வந்தவரும் ஒரே ஆளா சார்? கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள். எனக்கு ரெண்டு பேர். ஆனா மாப்பிள்ளைகிட்ட இதை எப்படி விளக்குறது. சேத்துக்கங்கன்னுட்டேன்.

இன்னொண்ணு. ஒரே வடைச்சட்டியை ஒரே நாள்ல ரெண்டு கல்யாணத்துக்கு அது ஒத்துக்க விடாது. நான் விடுவேன். காலையில வடை சுட்டு முடிச்ச எடத்துலேருந்து தூக்கி சாயங்காலம் இன்னொரு எடத்துல எறக்கிருவேன். "எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு ஒரு பட்டன் வைக்க முடியுமான்னு கேளு"ன்னு வினோதினிகிட்டச் சொன்னேன். அவ போய்க் கேக்கவே இல்லை, சிரிச்சுட்டுப் போயிட்டா.

இப்ப கலருக்கு வர்றேன். ஒருநாள் கடையில என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ஷீட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, "மாமா, இந்தக் கலருக்கெல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கா?"ன்னார். நேராக் கேட்டுட்டார். நான் வாயைத் திறந்தேன் சார், சொல்லத்தான் திறந்தேன். அப்பத்தான் கவனிச்சேன், அவர் விரல் நிக்குற எடத்துக்கு ரெண்டு வரி மேல அவங்கப்பா பேரு. வேலுச்சாமி, ராஜபாளையம். சிவப்புல.

சிவப்புன்னா என்னன்னு இன்னும் சொல்லலையே. சிவப்புன்னா, எடுத்துட்டுப் போற சாமான் குறைஞ்சுதான் திரும்பி வரும். எங்கேன்னு கேட்டா, "உங்க ஆளுங்க ஒழுங்கா எண்ணினாங்களா"ன்னு நம்மளையே கேப்பாங்க. கல்யாணம் முடிஞ்சு ராஜபாளையத்துல மறுவீட்டு விருந்துன்னு எங்க கடையிலேருந்துதான் சாமான் போச்சு. போனது அண்டாவும் மூடியும். வந்தது அண்டா. சம்பந்தியை ஃபோன்ல கேட்டேன். "வண்டியில ஏத்தினது உங்க ஆளுங்கதானே"ன்னார். பொண்ணைக் குடுத்த எடம். அதுக்கு மேல நான் என்ன பேச முடியும்? அதுக்கு முந்தி அந்த வரி நீலம். அன்னிக்குச் சாயங்காலம் சிவப்பா மாத்தினேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. அது ஒரு மனசாந்திக்கு.

இதைப் போய் அவர்கிட்டச் சொல்ல முடியுமா? "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சும்மா அழகுக்கு"ன்னேன். அவர் என்னைப் பாத்தார், ஷீட்டைப் பாத்தார், "சரிங்க மாமா"ன்னார். எவ்வளவு நாசூக்கா முடிச்சேன் பாருங்க. அவருக்கும் சங்கடமில்லை, எனக்கும் சங்கடமில்லை.

எல்லாம் மாத்தி முடிச்சாச்சு. கடைசியா ஒரு வசதி பண்ணினார். சாமான் திரும்பி வந்து கணக்கை முடிச்சதும் வாடிக்கையாளருக்குத் தானா ஒரு மெசேஜ் போகும். அதுல என்ன எழுதுறதுன்னு கேட்டார். வாசகம் நான் சொன்னதுதான். கேளுங்க: "பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. மிக்க மகிழ்ச்சி. உங்கள் இல்லத்தின் அடுத்த விசேஷத்திற்கும் எங்களையே அழையுங்கள்." எப்படி இருக்கு? கல்யாண வீட்டுக்காரங்க ரெண்டு பேர் கடைக்கே வந்து பாராட்டிட்டுப் போனாங்க. வாசகத்துல குத்தம் சொல்ல எடமே இல்லை.

அப்ப ரைஸ்மில் காசிலிங்கம் ஐயா தவறிட்டார். தங்கமாரியோட அப்பா. பெரிய சாவு, சாமியானா ரெண்டு போச்சு, சேர் பூராவும் போச்சு. சாமான் திரும்பி வந்துச்சு. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிட்டுத் திரும்பிக் கரண்டியை எண்ணிக்கிட்டு இருந்தேன். கடைப்பையன் கணக்கை முடிச்சு பட்டனை அமுக்கிட்டான். மெசேஜ் போயிருச்சு. துக்கம் கேக்க வந்த சனம் நிறைய உக்காந்திருக்கு, தங்கமாரி ஃபோன்ல டிங்குன்னு சத்தம். யாரோ விவரம் தெரியாத ஆள் எடுத்துச் சத்தமாப் படிச்சிருக்கார். மிக்க மகிழ்ச்சி. உங்கள் இல்லத்தின் அடுத்த விசேஷம்.

அந்த வீட்டுல காசிலிங்கம் ஐயாவோட அண்ணன் ஒருத்தர் ரொம்ப நாளாப் படுக்கையில கெடக்கார். கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பாத்திருக்கு. அவருக்குக் காது நல்லாக் கேக்குமாம். "அப்ப எனக்கும் இவன்கிட்டயே சொல்லிருங்கப்பா"ன்னாராம்.

சிரிக்காதீங்க சார். எனக்கு அப்ப எப்படி இருந்திருக்கும்?

தங்கமாரி கடைக்கு வந்துட்டார். கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஃபோனை நீட்டி, "இது நீங்க அனுப்பினதா?"ன்னு மெதுவாக் கேட்டார். கடையில நாலஞ்சு பேர் நிக்குறாங்க. "ஐயோ, நான் இல்லைங்க. இதெல்லாம் எங்க மாப்பிள்ளை பண்ணின வேலை. படிச்ச பிள்ளைங்க என்னத்தையோ பண்ணுதுங்க, நமக்கென்ன தெரியும்"னேன். சொல்லிட்டுத் திரும்பினா, மாப்பிள்ளை பின்னாடி நிக்கிறார். உள்ள ஒவ்வொரு அண்டாவுக்கா நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருந்தவர். விரல் நுனியிலெல்லாம் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை ஒவ்வொண்ணா உரிச்சுத் திரும்ப அந்தத் தாள்லயே ஒட்டினார், வீணாகக் கூடாதுன்னு.

நான் சொன்னது பொய்யா சார்? மெசேஜ் அனுப்புற வேலையைப் பண்ணினது அவர்தானே. வாசகம் மட்டும்தான் என்னோடது. கலரு வேற விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது.

மறுநாள் காலையில ஆபீஸ் வேலைன்னு தனத்துக்கிட்டச் சொல்லிட்டு ராஜபாளையம் கெளம்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமை வருவார்னு பாத்தோம். வரலை. அடுத்த வெள்ளியும் வரலை. வினோதினி எங்கிட்டப் பேசுறதை நிறுத்திட்டா. நான் கூடத்துல உக்காந்திருப்பேன், அவளும் அங்கேயே உக்காந்துக்கிட்டு, "அம்மா, அப்பாவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு"ம்பா. என் காதுல விழுற தூரத்துல இருந்துக்கிட்டே. இந்தப் பழக்கமெல்லாம் எங்கேருந்து கத்துக்கிறாங்கன்னே தெரியலை.

அப்புறம் ஒருநாள் நேராவே சொன்னா. "கலர் எதுக்குன்னு அவங்க உங்ககிட்டக் கேட்டாங்களா இல்லையா? கேட்டவரை நாலு பேர் முன்னாடி மாட்டி விட்டீங்களே. அவங்க வராத வீட்டுல எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டாம். நான் ராஜபாளையத்துக்கே போயிடறேன்." சொல்லிட்டுப் பெட்டியில துணியை எடுத்து வைக்கிறா. தனம் அழுகுறா.

அது எனக்குத் தாங்கலை சார். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. தொட்டில் கட்டுறதுக்குக் கூடத்து உத்தரத்துல கொக்கி மாட்டி வச்சிருந்தேன். நானே ஏணி போட்டு ஏறி, தொங்கிப் பாத்து, தாங்குதான்னு சோதிச்சு மாட்டினது. தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு பாதியில கெளம்பிப் போனா, அந்தக் கொக்கியை நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்? எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. தூசு விழுந்த மாதிரி தொடைச்சுக்கிட்டேன்.

அப்பவும் மாப்பிள்ளையைக் கூப்பிட நான் போறதா இல்லை. பெரியவன் நான் போய் நின்னா நல்லாவா இருக்கும்? அந்த நேரம் பாத்து தங்கமாரி ஆள் அனுப்பறார், பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வேணும்னு. எனக்கு ஆச்சரியம். இனி நம்ம கடைப் பக்கமே திரும்ப மாட்டார்னு நெனச்சேன். வண்டியோட நானே போனேன். தங்கமாரி சொல்றார், "உங்க மாப்பிள்ளை அன்னிக்கே வீட்டுக்கு வந்தார். தப்பு தன்னோடதுன்னார். பெரியப்பா கட்டில் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். போகும்போது போயிட்டு வர்றேன்னு சொல்லலை, சத்தமில்லாம எந்திரிச்சுப் போனார். முறை தெரிஞ்ச பிள்ளை." பெரியவருக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அவர் எதுக்கு அங்க போகணும்? தப்பு தன்னோடதுன்னு ஏன் சொல்லணும்? அவரோடதே இல்லையே.

என்ன பாக்குறீங்க? ஏதோ சொல்ல வந்தேன், மறந்துட்டேன். சரி விடுங்க.

இன்னிக்குக் காலையில கெளம்பி ராஜபாளையம் வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் என்ன பேசணும்னு மனசுக்குள்ள ஒத்திகை. "மாப்பிள்ளை, நடந்தது நடந்து போச்சு"ன்னு ஆரம்பிக்கலாமா, "வினோதினி சரியாச் சாப்பிடலை"ன்னு ஆரம்பிக்கலாமான்னு. வினோதினி நல்லாத்தான் சாப்பிடுறா. ஆனா அப்படித்தானே சொல்லணும்.

சம்பந்தி வீட்டுக் கூடத்துல உக்கார வச்சாங்க. காபி வந்துச்சு. எதிர்ல சம்பந்தி வேலுச்சாமி. மாப்பிள்ளை மாடியிலேருந்து எறங்கி வந்து வாங்க மாமான்னார். நான் ஒத்திகை பண்ணினதை எடுத்து விடப் போறேன். கண்ணு அப்படியே பின்கட்டுப் பக்கம் போச்சு. அங்க தண்ணித் தொட்டி. தொட்டியை மூடியிருக்கு என் மூடி. பேரு வெட்டினது இங்கேருந்தே தெரியுது. அவ்வளவுதான் சார், ஒத்திகை பண்ணினது பூராவும் போச்சு. சம்பந்தி மழையைப் பத்திப் பேசுறார், நான் மூடியைப் பாக்குறேன். மாப்பிள்ளை என்னைப் பாக்குறார். அவரும் ஒருதடவை திரும்பிப் பின்கட்டைப் பாத்துட்டு வந்து உக்காந்தார்.

அப்புறம் மடிக்கணினியை எடுத்து வந்து என் முன்னாடி வச்சார். "மாமா, நீங்க அழகுக்குன்னுதான் சொன்னீங்க. ஆனா அழகுக்கு அடிக்கிறவங்க இவ்வளவு ஒழுங்கா அடிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு. திரும்பக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதனால பழைய ஷீட்டுலேருந்து கலரை எல்லாம் எடுத்துத் தனி டேபிளா வச்சிருக்கேன்"னார். பாத்தா நாலே வரி. சாம்பல், மஞ்சள், நீலம், சிவப்பு. பக்கத்துல அர்த்தம்னு போட்டு நாலு கட்டமும் காலியா இருக்கு. "இதை நீங்கதான் நிரப்பணும்"னார்.

எனக்கு என்னமோ பண்ணிச்சு சார். இத்தனை வருஷமா நான் அடிச்ச கலரை ஒரு மனுஷன் மதிச்சு எடுத்து வச்சிருக்கான். இருக்கார். எடுத்து வச்சிருக்கார்.

சாம்பல் என்னன்னு சொன்னேன். ஃபோன் கூடாது, வாங்கன்னு சொல்லக் கூடாது, நன்றி கூடாது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொண்ணா டைப் பண்ணினார். "இனி சாம்பலுக்கு எந்த மெசேஜும் போகாது மாமா." கடைப்பையன் மறந்து அமுக்கினாலுமான்னு கேட்டேன். அமுக்கினாலும் போகாதுன்னார். மஞ்சள் சொன்னேன். நீலம் சொந்தக்காரங்கன்னு சொன்னேன்.

உடனே சம்பந்தி காலை ஆட்டிக்கிட்டு, "அப்ப நாங்க நீலத்துல இருப்போம்"னார்.

மாப்பிள்ளை ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே, "இல்லப்பா, நீங்க சிவப்பு"ன்னார். அப்புறம் எம்பக்கம் திரும்பி, "சிவப்புன்னா என்ன மாமா?"

பின்கட்டுக் குழாய் சொட்டுறது கேக்குது. சம்பந்தியம்மா அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறாங்க.

"ரொம்ப வேண்டியவங்க"ன்னேன்.

எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலை சார். சம்பந்தி நிமிந்து உக்காந்து, "சொந்தக்காரங்களை விடவா?"ன்னு கேட்டார். "ஆமா, அதுக்கும் மேல. எத்தனை வருஷமானாலும் நான் மறக்க முடியாதவங்க"ன்னேன். அது சத்தியம்தானே. மாப்பிள்ளை முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம அப்படியே டைப் பண்ணினார்: சிவப்பு, ரொம்ப வேண்டியவர்கள். சம்பந்திக்குப் பெருமை தாங்கலை. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்னு இலை போட்டுட்டார்.

கடைசி வரைக்கும் நான் எதுக்கு வந்தேன்னு சொல்லவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து பாத்தா, மாப்பிள்ளை தோள்ல பையை மாட்டிக்கிட்டுத் தயாரா நிக்கிறார். "போலாமா மாமா"ன்னார். அப்புறம் பின்கட்டுக்குப் போய், தொட்டி மேலேருந்து இந்த மூடியை எடுத்து, தண்ணியை ஊத்தி நல்லாத் தேய்ச்சுக் கழுவித் தூக்கிக்கிட்டு வந்தார். "அதை எங்கடா தூக்கிட்டுப் போற?"ன்னார் அவங்கப்பா. "மாமாவோடதுப்பா, பேரு போட்டிருக்கு." அவ்வளவுதான். தொட்டிக்கு ஒரு பழைய பலகையை எடுத்து மூடிட்டு வந்துட்டார்.

நல்லவேளை, சிவப்பு விவகாரம் அவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது. ஏதோ எதேச்சையா எங்க கடைப் பேரைப் பாத்திருக்கார், எடுத்துட்டார். கபடமில்லாத பிள்ளை. பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதுகூட, "மாமா, சிவப்பு எல்லாருக்கும் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கலாம், ரொம்ப வேண்டியவங்களாச்சே"ன்னார். அந்தச் சிவப்புல யார் யார் இருக்காங்கன்னு நெனச்சீங்க? என் ஜமுக்காளத்தை விரிச்சு வருஷக்கணக்காப் படுத்துத் தூங்குறவன் இருக்கான். என் காபி டிரம்முல மாட்டுக்குத் தவிடு கரைக்கிறவன் இருக்கான். அவன்களுக்கு நான் ஸ்வீட் வாங்கணுமாம். சரின்னு தலையை ஆட்டி வச்சிருக்கேன். மாப்பிள்ளை கேட்டு எப்படி மறுக்கிறது.

என்ன சார், கல்லுப்பட்டி தாண்டிருச்சா? அப்ப வந்துருச்சு.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அவர் ரொம்ப நல்ல மனுஷன் சார். என் மகளுக்கு நான் பாத்துக் குடுத்ததுலயே உருப்படியான ஒண்ணு அவர்தான். அன்னிக்கு நாலு பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்னு தோணாம இல்லை. ஆனா அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? எப்பச் சொல்றது? வினோதினிகிட்டச் சொல்லி விடலாம்னா அவளும் பேச மாட்டேங்கிறா. அதுக்குத்தான் சொல்றேன், பாட்டுக் கேக்குறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு பேசாம வந்துட்டேன்.

இருங்க, எந்திரிக்கிறார். இதோ இங்கேதான் மாப்பிள்ளை, நான் எடுத்துக்கிட்டு வர்றேன், நீங்க எறங்குங்க. கனம். விடுங்க. சரி, அந்தப் பக்கம் பிடிங்க. இவர் மதுரை வரைக்கும் போறவர், சும்மா பேசிக்கிட்டு வந்தோம், மழை தண்ணி பத்தி. நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க, அதான் கூப்பிடலை.

என்னது?

ராஜபாளையத்துலயே சார்ஜ் தீந்துருச்சா?

அப்ப காதுல மாட்டியிருந்தது? சும்மாவா?

சார், நீங்க சன்னல் பக்கம் பாருங்க கொஞ்சம்.

என்ன மாப்பிள்ளை கேட்டீங்க? சத்தத்துல சரியா விழலை. மூடிதான் வந்துருச்சே, அப்பாவைச் சிவப்புலேருந்து எடுத்துரலாமான்னா கேட்டீங்க?

வேண்டாம் மாப்பிள்ளை. அங்கேயே இருக்கட்டும். அதுல என்ன எழுதியிருக்கோ அதுவே இருக்கட்டும். முடிஞ்சா என் பேரு, உங்க பேரு எல்லாத்தையும் அதுலயே சேத்துருங்க.

பாத்து, படி உயரமா இருக்கு, நீங்க முதல்ல எறங்குங்க. வினோதினிக்கு ஃபோனைப் போட்டு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து வர்றோம்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம், உங்களுக்குத்தான் சார்ஜ் இல்லையே. நானே சொல்றேன்.